இ.டி.டி.ஏ. போட மறந்த நாள்

ஆட்டு ஈரலைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். வீட்டில் ஈரல் வறுவல் செய்கிற நாளில் சமையலறையை விட்டு வெளியே போய்விடுவேன். "வாடை பிடிக்கலையாம்மா?" என்று மகள் கேட்பாள். வாடையில் என்ன இருக்கிறது? பொழிச்சலூரில், பம்மல் தோல் கிடங்குகளின் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவள் நான். அப்பா தோல் கிடங்கில்தான் வேலை பார்த்தார். எனக்குப் பிடிக்காமல் போனது ஓர் ஆளை. ஈரல் பாவம், அந்த ஆளை ஞாபகப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தைத் தாண்டி இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். எங்கள் தெருவில் அப்படிப் படித்தவர்கள் யாருமில்லை. அப்பா சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு டாக்டராவப் போறா, ஊசி போடுற டாக்டர் இல்ல, அதுக்கும் மேல" என்று சொல்லி வைத்திருந்தார். அதற்கும் மேலே என்றால் என்ன என்று அவருக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும், அவர் சொன்ன சொல்லை நான் காப்பாற்றியாக வேண்டும் என்று.

என் வேலை காலை ஐந்தரைக்குப் பல்லாவரம் கறிக்கடையில் தொடங்கும். அப்போதுதான் அறுத்த ஆட்டின் ஈரல், சூடு ஆறுவதற்குள் வேண்டும். அதைப் பனிக்கட்டி நிரப்பிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மின்சார ரயிலில் தாம்பரம் போய், அங்கிருந்து பஸ் பிடித்து ஓட வேண்டும். கடை பாய் முதல் வாரம் முழுக்க என்னைச் சந்தேகமாகவே பார்த்தார்.

"இன்னா பாப்பா, டெய்லி ஈரலு வாங்கிகினு போற? வூட்ல யாருக்கனா ரத்தம் கம்மியா?"

"இல்ல பாய், படிப்புக்கு."

"ஈரல்ல இன்னா படிப்பு கீது?" என்று கேட்டுவிட்டு, ஆனாலும் நல்ல துண்டாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பார்.

ஈரலில் படிப்பு இருந்தது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டிப் பைகள் இருக்கின்றன. சக்தி அங்கேதான் தயாராகிறது. அந்தப் பைக்கு உள்சவ்வு, வெளிச்சவ்வு என்று இரண்டு சவ்வு. அதற்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை வெளியேதான் உருவாகும். உருவாகும்போதே பலவற்றுக்கு முன்னால் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வரும். இந்தப் புரதம் இன்ன இடத்துக்குப் போக வேண்டும் என்று வழி காட்டுவது அந்தத் துண்டுதான். புரதம் உள்ளே வந்து சேர்ந்ததும், புரதம் வெட்டும் நொதி ஒன்று அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடும். வெட்டினால்தான் புரதம் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்து வேலை செய்யும். வாசல் வரை கூட்டிவந்த துண்டுக்கு அதன்பின் மரியாதை கிடையாது. இதை நான் கருத்தரங்கில் கடகடவென்று ஒப்பித்து நல்ல பேரும் வாங்கினேன். அதில் எனக்கென்று எழுதிவைத்த சேதி ஏதும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

என்னோடு ஒரே வழிகாட்டியிடம் பதிவு செய்தவள் ஒருத்தி. கீழ்க்கட்டளையிலிருந்து பஸ்ஸில் பல்லாவரம் வந்து, கறிக்கடைக்குத் தூரமாக நின்று காத்திருந்து என்னோடு ரயில் ஏறுவாள். சுத்த சைவம். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "ஏய், அந்தப் பெட்டியை அந்தப் பக்கம் தள்ளுடி, எனக்குக் குமட்டுது" என்பாள். வேண்டுமென்றே பெட்டியை அவள் கால் பக்கம் நகர்த்துவேன். கத்துவாள். ரயில் பெட்டியே சிரிக்கும். அவள் டப்பாவில் கொண்டுவரும் புளிசாதத்தில் பாதி எனக்குத்தான். மூன்று வருடம் அப்படி. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அவளை அந்த இடத்தில் வைத்திருந்தேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

எங்கள் கூடத்தில் குளிர் அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுக்கும் கரைசலுக்கான செய்முறை. யாரோ எப்போதோ தட்டச்சு செய்தது. இவ்வளவு சர்க்கரை, இவ்வளவு டிரிஸ் தூள், இவ்வளவு இ.டி.டி.ஏ. என்று இருக்கும். இ.டி.டி.ஏ. என்பது கரைசலில் இருக்கும் உலோகத்தையெல்லாம் கவ்விப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருள். சாம்பிள் கெடாமல் இருக்கப் போடுவது. ஏன் போடுகிறோம் என்று யாரும் கேட்டதில்லை. குழம்புக்கு உப்பு போடுகிற மாதிரி எல்லோரும் போட்டார்கள். நானும் போட்டேன்.

ஒரு நாள் ரயில் குரோம்பேட்டைக்கும் சானடோரியத்துக்கும் நடுவில் நின்றுவிட்டது. மின்சாரம் இல்லை. தோழி அன்று வரவில்லை. கூடுவாஞ்சேரியில் அவள் சித்தி பெண்ணுக்கு வளைகாப்பு. அரை மணி நேரம் ஆயிற்று, பெட்டிக்குள் பனிக்கட்டி உருக ஆரம்பித்தது. எனக்கு எப்போதும் பொறுமை கிடையாது. ஈரல் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தில் குதித்துவிட்டேன். குதித்ததில் செருப்பு வார் அறுந்தது. அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும், ஜல்லிக்கல்லில் நொண்டி நொண்டி சானடோரியம் வரை நடந்தேன். "ஐயோ, யாரு பெத்த பொண்ணோ" என்று ரயிலுக்குள்ளிருந்து ஒரு அம்மா பரிதாபப்பட்டாள். கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலில் ரத்தம். வந்த வேகத்தில் கரைசலைக் கலக்கினேன், ஈரலை அரைத்தேன், இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினேன். சவ்வுகளைத் தனியாக எடுத்து வெதுவெதுப்பில் அரை மணி வைத்தேன். எல்லாம் முடிந்து பாட்டில்களை எடுத்து வைக்கும்போதுதான் பார்க்கிறேன், இ.டி.டி.ஏ. பாட்டிலை நான் திறக்கவே இல்லை.

சரி, ஒரு நாள் பாழ் என்று நினைத்தேன். ஆனாலும் தூக்கிப்போட மனசு வரவில்லை. புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அதை ஓட்டினேன். மறுநாள் சாயம் போட்டுக் கழுவிப் பார்த்தால், எப்போதும் தடியாகத் தெரியும் ஒரு நீலக் கோடு மெலிந்திருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே, இதுவரை நான் பார்த்திராத ஒரு புதுக் கோடு. மெல்லிசு. சவரக்கத்தியால் கீறிய மாதிரி அவ்வளவு சுத்தம்.

எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன். எங்கள் வழிகாட்டி நல்ல மூளைக்காரர், ஆனால் எதையும் முழுதாகப் பார்க்க நேரமில்லாதவர். ஜெல்லை விளக்கில் பிடித்து ஒரு நொடி பார்த்தார்.

"சாம்பிள் கெட்டுப்போச்சும்மா. டிரெயின்ல ஈரலை வேகவிட்டுட்டு வந்திருக்கே. இதெல்லாம் ஒரு ரிசல்ட்டா? தூக்கிப் போடு."

தூக்கிப் போடவில்லை. எனக்கு அழுகல் தெரியும். பதனிடாமல் கிடந்த தோலில் அழுகல் எப்படிப் பரவும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அது கண்டபடி தின்னும். இங்கே ஓட்டை, அங்கே ஓட்டை. அழுகல் இருந்திருந்தால் ஜெல் முழுக்க அழுக்குத் துடைத்த துணி மாதிரி இழுபட்டிருக்கும். இது ஒரே இடத்தில் வெட்டியிருந்தது. அப்படியென்றால் வெட்டுவது ஏதோ கெட்டுப்போன சமாச்சாரம் அல்ல, அந்தச் சவ்விலேயே இருந்துகொண்டு தன் வேலையைச் செய்கிற ஒரு நொதி.

நான்கு மாதம் யாருக்கும் தெரியாமல் அதையே செய்தேன். சாருக்குக் காட்டுவதற்கு ஒரு வேலை, எனக்கென்று இது. அழுகலை உண்டாக்கும் நொதிகளை முடக்குகிற மருந்தைப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் அந்தக் கோடு வந்தது. இ.டி.டி.ஏ. போட்டேன், கோடு வரவில்லை. பிறகு அதே சாம்பிளில் கொஞ்சம் மாங்கனீசு உப்பைச் சேர்த்தேன். கோடு திரும்பி வந்தது! அந்த நொதிக்கு வெட்டுவதற்கு உலோகம் வேண்டும். இ.டி.டி.ஏ. அந்த உலோகத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. சாம்பிளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு எங்கள் கூடத்தில் வருஷக்கணக்காக எல்லோரும் தினமும் அந்தக் கத்தியை மழுங்கடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்று குளிர் அறைக்குள் தனியாக நின்று ஒரு குத்தாட்டம் போட்டேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே போட்டேன்.

சொன்னது ஒரே ஒருத்தியிடம். ரயில் நின்றது, குதித்தது, செருப்பு அறுந்தது, இ.டி.டி.ஏ. மறந்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். பெண்கள் பெட்டியில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஒத்தக் கால் செருப்போட நீ நடந்து போனதை நான் பார்க்கலையே!" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது பெரிய விஷயம்டி. விடாதே. இதுதான் உன் தீசிஸ்" என்றாள். அவளுடைய ஆராய்ச்சி மூன்று வருடமாக நகரவே இல்லை. அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள், சீக்கிரம் முடி என்று தினமும் நச்சரிப்பு. அந்த நிலையிலும் என் சந்தோஷத்தில் பங்கெடுக்கிறாளே என்று உருகிப்போனேன். மடச்சி.

அதற்குப் பிறகு எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. ஊர் ஆட்டு ஈரலையெல்லாம் அரைத்தவளுக்குத் தன் ஈரல் கெட்டுப்போயிற்று என்று அம்மாவே கிண்டல் செய்தாள். மூன்று மாதம் பொழிச்சலூர் வீட்டில் படுக்கை. தலைக்கு மேலே விமானம் இறங்கும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு அந்தக் கோட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் தோழி வந்தாள். சாத்துக்குடி உரித்துக் கொடுத்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து கேட்பாள்: மாங்கனீசு எவ்வளவு போட்டே? எந்தச் சூட்டில் வெச்சே? எத்தனை நிமிஷம்?

"நீ திரும்பி வந்ததும் உடனே ஆரம்பிக்கணும்ல, அதான் எல்லாத்தையும் ரெடியா வைக்கிறேன். உன் வேலையை யாரும் தொடாம பூட்டி வெச்சிருக்கேன்" என்றாள். என் நோட்டை நானே எடுத்துக் கொடுத்தேன். தலையணைக்கு அடியில் இருந்த நோட்டு. அவள் கேட்கக்கூட இல்லை, நானேதான் கொடுத்தேன்.

கண்ணில் மஞ்சள் போனதும் முதல் வேலையாகப் பல்லாவரம் கறிக்கடைக்குப் போனேன். பாய் என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாமா இப்டி எளச்சுப் பூட்ட? உன் தோஸ்து சொல்லிச்சு, காமாலைன்னு."

"எந்த தோஸ்து பாய்?"

"அதான்மா, மூக்கப் பொத்திகினு தூரமா நிக்குமே, அந்தப் பொண்ணு. ரெண்டு மாசமா அதான ஈரல் வாங்கிகினு போவுது. மொதல்ல பேப்பர்ல சுத்திக் குடுன்னு பேஜார் பண்ணுச்சு. இப்ப வெறுங்கையாலயே வாங்கிக்குது."

நான் எதுவும் வாங்காமல் நடந்தேன். அவள் மூக்கைப் பொத்தாமல் ஈரலை வாங்கிய காட்சிதான் கண்ணில் நின்றது. கையில் ரத்தம் பட்டால் மூன்று முறை குளிக்கிறவள். அந்தக் கோட்டுக்காக அதையும் பழகிக்கொண்டிருக்கிறாள் என்றால், அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்திருக்கும்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதியைக் கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன்.

நேராக ரயில் நிலையத்துக்குப் போனேன். நடைமேடையில் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் பனிக்கட்டிப் பெட்டி. என் பெட்டி.

"என்னடி இது?" என்றேன்.

முகம் வெளுத்தது. அப்புறம் சமாளித்துக்கொண்டாள். "சார்தான் செய்யச் சொன்னார். உன் நோட்டைப் பார்த்துட்டு அவரே ஆச்சரியப்பட்டார். நீ எப்ப வருவேன்னு தெரியல, வேலை நிக்கக் கூடாதுன்னார். நான் என்ன பண்றது? உன் பேர் கண்டிப்பா வரும்டி. என் மேல சத்தியம்."

"பூட்டி வெச்சிருக்கேன்னியே?"

"உடம்பு சரியில்லாதப்ப உன்னை எதுக்குப் படுத்தணும்னுதான்..."

நடைமேடை என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. அவள் அழுதாள். ரயில் வந்தது. ஏறினோம், இரண்டு பேரும் ஒரே பெட்டியில், எதிரெதிர் ஜன்னலில்.

சார் தெளிவாக இருந்தார். "ஒரே லேப்ல ஒரே டாபிக்ல ரெண்டு பேர் தீசிஸ் பண்ண முடியாதும்மா. அவ நிறைய முன்னேறிட்டா. உனக்கு வேற நல்ல டாபிக் தர்றேன்."

"சார், அது என்னோடது. தூக்கிப் போடுன்னு சொன்னீங்களே, அதே கோடுதான் சார் அது."

"நான் அப்படிச் சொன்னேனா?" நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. "சரி, நோட்டை நீயாத்தானே குடுத்தே?"

நானாகத்தான் கொடுத்தேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதில் கழுத்தை நீட்டினவளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று அன்று தெரிந்தது.

தொண்ணூறுகள் பிறந்ததும் அவள் ஆய்வேடு தயாரானது. நூலகத்தில் ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தேன். என் பேர் வரும் என்று சத்தியம் செய்திருந்தாள் அல்லவா, வந்திருந்தது. நன்றியுரையில், கண்ணாடிக் குழாய் கழுவிய பணியாளருக்கு அடுத்த வரியில்: ஆட்டு ஈரல் வாங்கித் தந்து உதவிய தோழிக்கு நன்றி என்று. படித்துவிட்டு நூலகத்திலேயே சத்தமாகச் சிரித்தேன். நூலகர் முறைத்தார்.

அவளுடைய வாய்மொழித் தேர்வு பொதுவில் நடந்தது, யார் வேண்டுமானாலும் வரலாம். போகாதே என்றாள் அம்மா. போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பட்டுப் புடவையில் நன்றாகவே இருந்தாள். படம் படமாகக் காட்டினாள். அந்தக் கோடு திரையில் பெரிதாக, நீலமாக வந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பாராட்டினார். முடிவில் சபையோர் கேள்வி கேட்கலாம் என்றார் சார்.

நான் எழுந்தேன். சாருக்கு முகம் இறுகியது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சண்டை போட எழுந்தேன் என்றுதான் இருவரும் நினைத்திருப்பார்கள். இல்லை. முந்தின நாள் முழுக்க யோசித்து ஒரே ஒரு கேள்வியை வைத்திருந்தேன். அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான். "என் தோழி ஒருத்தி ஒரு நாள் மறந்துவிட்டாள்" என்று அவள் சொன்னால் போதும். பட்டம் வேண்டாம், பேர் வேண்டாம், அந்த ஒரு வரி போதும், எல்லாவற்றையும் மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தேன்.

"எல்லாரும் இ.டி.டி.ஏ. போடுற கரைசல்ல அது இல்லாம செஞ்சு பார்க்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?" என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை 'உங்களுக்கு' என்றேன்.

என்னைப் பார்த்தாள். பிறகு பார்வையைத் தேர்வாளர் பக்கம் திருப்பிக்கொண்டு புன்னகை செய்தாள்.

"அது ஒரு விபத்து சார். ஒரு நாள் டிரெயின் நடுவழில நின்னுடுச்சு. ஐஸ் உருகுதுன்னு தண்டவாளத்துல குதிச்சிட்டேன். என் செருப்பு அறுந்துபோச்சு. ஒத்தக் கால் செருப்போட சானடோரியம் வரைக்கும் நடந்து, லேபுக்கு வந்து, அந்த அவசரத்துல இ.டி.டி.ஏ. போட மறந்துட்டேன்."

அரங்கம் சிரித்தது. தேர்வாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். கூடுவாஞ்சேரியில் வளைகாப்புச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், என் ஜல்லிக்கல்லில் நடந்துவிட்டாள்.

கண்டுபிடித்ததை எடுத்துக்கொண்டாய், சரி. நோட்டை எடுத்துக்கொண்டாய், நான்தான் கொடுத்தேன். என் தப்பையுமா எடுத்துக்கொள்வாய்? அது நான் செய்த தப்புடி!

உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன். "இன்னொரு கேள்வி" என்றேன். "அறுந்தது எந்தக் கால் செருப்பு?"

மறுபடியும் சிரிப்பு. நான் வேடிக்கைக்குக் கேட்கிறேன் என்று நினைத்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. எந்தக் கால் என்று அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

"வலது கால்" என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

நான் வெளியே வந்துவிட்டேன். பின்னால் போண்டாவும் காப்பியும் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வருடத்தோடு ஆராய்ச்சியை விட்டேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சர்ச்சில் என் படிப்பைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சராகச் சேர்ந்தேன்.

அறுந்தது இடது கால் செருப்பு. சானடோரியம் வரும் முன்பே ஒரு கூர்ஜல்லி உள்ளங்காலில் ஏறிவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் அங்கேயே இருக்கிறது, குளிக்கும்போது தேய்த்தால் கையில் தட்டுப்படும்.